வேப்பிலையும் கட்டுவோம், மருந்தும் எடுப்போம்
(வலப்பனையில், வீடு திரும்பும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீடு, பதிவு, உலர் உணவு பற்றி மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் அம்மையைப் பற்றிச் சொல்ல வந்தேன். டாக்டர்கள் இதைக் கொப்புளிப்பான் என்பார்கள். இத்தனை நாள் ஒரே மண்டபத்தில் நெருங்கிப் படுத்திருந்தோம். அம்மை தொற்றினால் 10 முதல் 21 நாளுக்குள்தான் முத்துப் போடும். அதனால் இங்கே தொற்றியது வீட்டுக்குப் போன பிறகும் தெரியலாம்.

நானும் லயத்தில் வளர்ந்தவள். எனக்கு முத்துப் போட்டபோது பாட்டி, "அம்மாள் வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை கட்டினார். வீட்டில் தாளிக்கவில்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளை உள்ளே விடவில்லை. எனக்குச் சுகமாகித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

அடுத்து சித்தப்பாவுக்குப் போட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மாள் கோபிப்பா" என்று காத்திருந்தோம். ஐந்தாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கியது. லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். நியூமோனியா என்றார்கள். பிழைத்துக்கொண்டார். மூன்று கிழமை வார்ட்டில் இருந்தார்; மூன்று கிழமை பேரும் விழவில்லை.

பாட்டியைக் குறை சொல்லமாட்டேன். அவர் காலத்தில் பெரியம்மை இருந்தது, அதற்கு மருந்து இருக்கவில்லை. வாசல் வேப்பிலை, "உள்ளே வராதே" என்று ஊருக்கே சொன்னது. அது நல்ல வழக்கம். தடுப்பூசிதான் அதை ஒழித்தது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்காக மாரியம்மன் திருவிழாவை யாரும் நிறுத்தவில்லையே.

ஆகவே வேப்பிலை கட்டுங்கள், கும்பிடுங்கள். முத்தெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை நோயாளியைத் தனியாக வையுங்கள். ஆனால் தண்ணீர் ஊற்றும் நாள்வரை மருந்துக்குக் காத்திருக்காதீர்கள். பெரியவர்களுக்குப் போட்டால் அதற்கு மாத்திரை இருக்கிறது. முத்துத் தெரிந்த 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள், சீனி வருத்தக்காரர்கள் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பிணிக்கு முன்பு அம்மை வந்திராவிட்டால், நோயாளியோடு பழகியிருந்தாலே போதும், உடனே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம். பத்தியம் என்று பட்டினி போடவும் வேண்டாம். கஞ்சி, இளநீர், பால் நிறையக் கொடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள்.

மூச்சு வாங்கினால், விடாமல் வாந்தி எடுத்தால், பேச்சுத் தடுமாறினால், எழுப்ப முடியாமல் தூங்கினால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய நூலை மறைக்க வேண்டாம். வீட்டில் கொடுத்த கசாயத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் டாக்டர் மருந்து எழுத வேண்டும். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மாள் கோபிப்பாளோ என்று பயப்படுகிற பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையைக் காப்பாற்றச் சொல்லித்தானே அவளைக் கும்பிடுகிறோம்? காப்பாற்ற ஓடுகிறவர்கள் மேல் அவள் ஏன் கோபிக்கப் போகிறாள்?

நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள்.