கார் இயந்திரத்தைப் பிரிக்கும்போது: வேகம் முதலா, வலு முதலா?



தோட்டத்துக் குடும்பத்துக்குக் கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவமனைக்கு ஓடுவது அதுதான். சம்பளம் போட்ட வாரத்தில் பட்டணத்துக்குப் போய்ச் சாமான் ஏற்றி வருவதும் அதுதான். அப்படிப்பட்ட கார் வழியில் நின்று, பட்டறைக்கு இழுத்துச் செல்லப்பட்டால், வீடே நின்றுவிட்டது போலாகிறது. இயந்திரத்தைப் பிரித்தாக வேண்டும் என்கிறார் போமன். பிரித்த பிறகு ஒரு கேள்வியும் கேட்கிறார்: "எப்படியும் பிரித்தாயிற்று. இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் வேகமாக ஓடும்படி செய்து தரலாம். செய்யட்டுமா?" இந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்வது என்பதைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் நாட்டில் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. அதில் இருந்தது மிட்சுபிஷி நிறுவனம் வடிவமைத்த 1.3 லிட்டர் இயந்திரம். பிறகு 1.5 லிட்டர் சாகாவும் வந்தது. அந்தப் பழைய கார்களில் சில இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு வீட்டில் 1.3 லிட்டர் சாகா ஒன்று சூடேறி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "பழையபடி ஓடினால் போதும்" என்கிறார் தகப்பனார். "அப்பா, இதோடு இதாகப் பெரிய இஞ்சினாகப் போட்டுவிடுவோம், ஐந்து பேர் ஏறினால் மேட்டில் திணறுகிறதே" என்கிறான் பட்டணத்தில் வேலை செய்யும் மகன். கூட்டுப் போட்டு எடுத்த பணம் தாயார் கையில் இருக்கிறது. யார் சொல்வது சரி?

இயந்திரம் ஏன் கெட்டது? முதலில் கேட்க வேண்டியது இதுதான். காரணத்தை நீக்காமல் புதிய சாமான்களைப் போடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போன்றது. சூடேறி நின்ற காருக்கு ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். தண்ணீர்ப் பம்பு தேய்ந்திருக்கலாம். விசிறி சுழலாமல் இருந்திருக்கலாம். ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம். வெறும் குழாய்த் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றி வந்தால் உள்ளே துருப்பிடிக்கும். துருவைத் தடுக்கும் கூலண்ட் திரவத்தை அளவோடு கலப்பது நல்லது. நம் நாடு வெப்ப நாடுதானே என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவதும் உண்டு. அது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத இயந்திரம் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், எண்ணெய் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் மிகும்.

புகையும் நமக்குச் செய்தி சொல்லும். நீலப் புகை வந்தால் இயந்திர எண்ணெய் உள்ளே எரிகிறது என்று பொருள். சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. இயந்திரம் இன்னும் சுழலும் நிலையில் இருந்தால், பிரிக்கும் முன் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவாக இருந்தால், அதில் ஒரு கரண்டி இயந்திர எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கலாம். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கக்கூடும். எதை மாற்றுவது என்பதற்கு இந்த அளவே சாட்சி.

இனி, இயந்திரத்துக்கு வலு எங்கிருந்து வருகிறது? நம் வீட்டு விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விறகு மட்டும் இருந்தால் எரியாது, காற்றும் வேண்டும். இயந்திரமும் காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து எரித்தே ஓடுகிறது. அதிகக் காற்றை உள்ளே விட்டு, அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்து, நன்றாக எரிய வைத்தால் வலு கூடும். எரிந்த புகையும் தடையின்றி வெளியேற வேண்டும். பட்டறையில் சொல்லும் மேம்பாடுகள் எல்லாம் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பெரிய பிஸ்டன் போடுகிறேன்" என்பார்கள். சிலிண்டர் தேய்ந்திருந்தால் அதைச் சற்றுக் குடைந்து, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவது வழக்கமான பழுதுபார்ப்பு. இதனால் வலு கூடுமா? பள்ளிக்கூடக் கணக்கே விடை சொல்லும். சாகா 1.3 இயந்திரத்தில் சிலிண்டரின் குறுக்களவு 71 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துக் கொள்ளளவு சுமார் 1298 சிசி. குறுக்களவை 71.5 ஆக்கினால் சுமார் 1317 சிசி வரும். கூடியது 19 சிசிதான். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு! ஆகவே இது தேய்மானத்துக்கு மருந்து. இதை வேகத்துக்கு வழி என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது, சிலிண்டர் தலையை இழைப்பது. சூட்டில் வளைந்த தலையைச் சமமாக்க இழைத்தே ஆக வேண்டும். ஆனால் "இன்னும் கொஞ்சம் இழைத்தால் அழுத்தம் கூடும், இழுவை கூடும்" என்று சொன்னால் யோசியுங்கள். அழுத்தம் அளவு மீறினால் பெட்ரோல் நேரந்தவறி எரிந்து, டின்னில் கூழாங்கல் குலுக்கினாற்போல் ஓசை எழும். அந்த ஓசை பிஸ்டனுக்கு எமன். அதைத் தவிர்க்க ரோன் 97 எண்ணெய் ஊற்ற நேரிடும். அதற்கு அரசாங்க உதவித் தொகை கிடையாது. ஒரு நாள் பட்டறையில் செய்த வேலைக்கு, வாழ்நாள் முழுதும் எண்ணெய்க் கடையில் விலை கொடுப்பானேன்?

மூன்றாவது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைப் பந்தயக் கார் வகைக்கு மாற்றுவது. வால்வு நெடுநேரம் திறந்திருந்தால், இயந்திரம் மிக வேகமாகச் சுழலும்போது காற்று மிகுதியாகப் புகும். ஆனால் மெதுவாகச் சுழலும்போது இழுவை குறைந்துவிடும். தோட்டத்துச் செம்மண் சாலையில், செம்பனை லாரிக்குப் பின்னால், இரண்டாவது கியரில் போகும் காருக்கு இது பொருந்துமா? பெரிய கார்புரேட்டரும், அகன்ற புகைக்குழாயும் இப்படித்தான். ஓசை பெரிதாகும், வலு அந்த அளவுக்குப் பெரிதாகாது. அவற்றைவிடக் காற்று வடிகட்டியை அடிக்கடி மாற்றுவது மேல். செம்மண் தூசி உள்ளே போனால் எந்த இயந்திரமும் தாங்காது.

கடைசியாக, இயந்திரத்தையே மாற்றுவது. மகன் சொன்னதில் நியாயம் உண்டு. 1.5 லிட்டர் இயந்திரத்தில் குறுக்களவு 75.5 மில்லிமீட்டர், ஏறி இறங்கும் தூரம் அதே 82. கொள்ளளவு 1468 சிசி. சுமை ஏற்றி மேட்டில் போகும்போது இந்த 170 சிசி உண்மையாகவே உதவும். சாகாவிலேயே தொழிற்சாலை பொருத்திய இயந்திரம் என்பதால் உடம்புக்கும் ஒத்துப்போகும். ஆனால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப் கட் கார்களின் இயந்திரம் எத்தனை மைல் ஓடியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வாங்குமுன் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உட்புறத்தில் கருஞ்சேறு படிந்திருந்தாலும், பால் கலந்தது போல் வெளுத்திருந்தாலும் வாங்க வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. வேகம் ஏறினால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் அதே அளவில் ஏறுவதில்லை; வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போனவர் 100-இல் போனால், வேகம் கால் பங்குதான் கூடியது. நிற்கும் தூரமோ பாதிக்கு மேல் கூடிவிடும். பழைய பிரேக்கும், வழுக்கை டயரும் வைத்துக்கொண்டு இயந்திரத்துக்கு மட்டும் வலு ஏற்றுவது, மூக்கணாங்கயிறு இல்லாத காளையை வண்டியில் பூட்டுவது போன்றது. உள்ளே அமர்ந்திருப்பது நம் பிள்ளைகள். பிரேக்குக்கும் டயருக்கும் செலவழித்த பிறகு மிஞ்சும் பணமே வேகத்துக்கு உரிய பணம்.

சட்டத்தையும் மறக்கலாகாது. இயந்திரத்தை மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். வாகனத்தைப் பரிசோதனைக்குக் காட்டி, புதிய எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்து ஓட்டினால், விபத்து நேர்ந்த நாளில் இழப்பீடு கேட்டுப் போகும்போது சிக்கல் வரும்.

ஆகவே அந்தக் குடும்பத்துக்கு நாம் சொல்லும் விடை இது. இயந்திரத்தின் உடம்பு விரிசலின்றி நன்றாக இருந்தால் தகப்பனார் சொல்வதே சரி. கேஸ்கெட், வளையம், வால்வு எண்ணெய் முத்திரை, தண்ணீர்ப் பம்பு, டைமிங் பெல்ட், ரேடியேட்டர் ஆகியவற்றைச் செம்மைப்படுத்துங்கள். பிரிக்கும் கூலி ஒரே கூலி. பாதியை இன்றும் மீதியை அடுத்த ஆண்டும் செய்தால் இரண்டு கூலி. இழந்த வலு திரும்பி வந்தாலே, "புதுக் கார் போல் இருக்கிறதே" என்று மகனும் சொல்லக்கூடும். உடம்பே வெடித்துவிட்டது என்றால் மகன் சொல்வது சரி. அனுமதி பெற்று, நல்ல 1.5 லிட்டர் இயந்திரத்தைப் போடலாம். எந்த வழியானாலும் பணத்தை வைத்திருக்கும் தாயாரும் பட்டறைக்குப் போய், கணக்கைக் காதால் கேட்டு முடிவு செய்யட்டும்.

நேயர்களே, பட்டறைக்குப் போகும்போது நான்கு காரியங்களை மறக்காதீர்கள். செலவை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பிக் கேளுங்கள். வேலை முடிந்ததும் முதல் ஆயிரம் கிலோமீட்டர்வரை விரட்டாமல் ஓட்டி, இயந்திர எண்ணெயை மாற்றிவிடுங்கள். போமனை அவமதிப்பதற்காக நாம் இவற்றைச் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் வாடிக்கையாளரை நல்ல தொழிலாளி மதிக்கவே செய்வார்.

உழைத்துச் சேர்த்த வெள்ளி ஒவ்வொன்றும், நம்மைப் பத்திரமாக வீடு சேர்க்கும் வேலைக்கே முதலில் போகட்டும்.