கூகைக்கு வீடு எங்கே?



ஐந்து வயதுக் குழந்தை ஒன்றிடம், சிங்கம் எங்கே வாழ்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "குகையில்" என்று தயங்காமல் சொல்லும். படப் புத்தகங்கள் பல அப்படித்தான் கற்பித்து வைத்திருக்கின்றன. உண்மையில் சிங்கம் பெரும்பாலும் வாழ்வது ஆப்பிரிக்காவின் பரந்த புல்வெளிகளில். கண்ணால் காணாத விலங்கைப் பற்றித் தவறான விடையை மனனம் செய்யும் அந்தக் குழந்தைக்கு, தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தில் என்னென்ன உயிர்கள் குடியிருக்கின்றன என்பது தெரியாது. ஆகவே, வாழிடம் என்னும் பாடத்தைச் சிங்கத்தை விட்டுவிட்டுச் செம்பனையிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்தவர்கள் இன்று நம்மில் பலர். ஆனாலும் பட்டணத்தைத் தாண்டினால் சாலையின் இருபுறமும் நிற்பது செம்பனைதானே!

மரத்தின் கதையை முதலில் சொல்லுங்கள். செம்பனை இந்த மண்ணுக்கு உரியது அன்று. அது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சிலாங்கூரில் தென்னமரம் என்னும் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு வாணிப நோக்கில் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது. மரம் வந்தது, ஆனால், அங்கே அதன் பூவுக்குப் பூ மகரந்தம் சுமந்து திரிந்த சிறு வண்டு உடன் வரவில்லை. அதனால் காய்ப்பு போதவில்லை. வண்டு செய்ய வேண்டிய வேலையை மனிதர்கள் செய்தார்கள். மகரந்தத்தை மாவுத் தூளுடன் கலந்து, பெண் பூக்களில் ஒவ்வொன்றாகத் தூவினார்கள். இப்போது எழுபது வயதைக் கடந்த தோட்டத்துப் பாட்டிமாரில் சிலர் அந்த வேலையைப் பார்த்திருப்பார்கள். பிள்ளைகளை அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். "பாட்டி, நீங்கள் வண்டு வேலையா செய்தீர்கள்?" என்று குழந்தை வியப்புடன் கேட்கும். அந்த ஒரு கேள்வியில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியல் அறிஞர் கேமரூன் நாட்டில் அந்த வண்டை ஆராய்ந்தார். அது வேறு பயிர்களுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்தறிந்த பின்னர், 1981ஆம் ஆண்டு ஜொகூரில் அதை விட்டார்கள். எள்ளளவே உள்ள அந்த வண்டு விரைவில் நாடெங்கும் பரவியது. கையால் மகரந்தம் தூவும் வேலையும் மறைந்தது. செம்பனையின் ஆண் பூ மலரும்போது சோம்பு மணம் வீசும். அந்த மணம்தான் வண்டை அழைக்கிறது. வாடிய ஆண் பூவுக்குள்ளேயே அதன் புழுக்கள் வளர்கின்றன. ஓர் உயிரை அதன் வாழிடத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்தால் எதை எதை இழக்க நேரிடும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

அடுத்து, அடிமரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டிய மட்டைகளின் அடிப்பகுதி பல ஆண்டுகள் மரத்திலேயே ஒட்டியிருக்கும். அந்த இடுக்குகளில் மழைநீரும் மக்கிய குப்பையும் தங்கும். அங்கேதான் பெரணிச் செடிகள் வேர் விடுகின்றன. "மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுகின்றனவா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள், அவை மரத்தை வெறும் இருக்கையாகத்தான் கொண்டிருக்கின்றன.

இனி, எலிக்கும் கூகைக்கும் வருவோம். எலிக்குச் செம்பனைத் தோட்டம் விருந்து மண்டபம். பழத்தையும் கொறிக்கும், வாடிய பூவில் இருக்கும் வண்டுப் புழுக்களையும் தின்னும். அந்த எலியைத் தின்ன வருவது கூகை. வெற்றிலை வடிவத்தில் வெண்மையான முகம். ஓசை எழாத சிறகுகள். அதன் இரு காதுகளில் ஒன்று சற்று மேலே, மற்றொன்று சற்றுக் கீழே அமைந்திருக்கும். அதனால் கும்மிருட்டிலும் எலியின் சலசலப்பை வைத்தே இடத்தைக் கண்டுகொள்ளும்.

இரை நிறைய இருந்தும் இந்தப் பறவைக்கு அங்கே ஒரு குறை உண்டு. கூகை கூடு கட்டாது, பொந்து தேடும். செம்பனையில் பொந்து ஏது? அதனால்தான் தோட்டங்களில் உயரமான கம்பங்களின் மேல் மரப்பெட்டிகளை வைக்கிறார்கள். உணவு மட்டும் இருந்தால் வாழிடம் ஆகிவிடாது, குஞ்சு பொரிக்க இடமும் வேண்டும் என்பதை அந்தப் பெட்டியைக் காட்டியே விளக்கலாம்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று சொல்லிக் கல்லெறிந்து விரட்டுவார்கள். அந்த அச்சத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சாவு வருவது கூகைக்குத்தான். 1980களில் கடுமையான புதிய எலிமருந்துகள் தோட்டங்களுக்கு வந்தபோது, நஞ்சுண்ட எலிகளைத் தின்ற கூகைகள் மடிந்ததை ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள்.

இதோடு பாடத்தை நிறுத்திவிட்டால், செம்பனைத் தோட்டமும் காடும் ஒன்றுதான் என்று குழந்தை நினைத்துவிடும். ஆகவே, "இங்கே வீடு இல்லாதவர் யார்?" என்றும் கேளுங்கள். இருவாய்ச்சிப் பறவையின் படத்தைக் காட்டுங்கள். பெண் பறவை முதிர்ந்த காட்டு மரத்தின் பெரிய பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். மிஞ்சிய சிறு இடைவெளி வழியாக ஆண் பறவை உணவூட்டும். பெரிய மரங்களை வெட்டிய இடத்தில் அது எங்கே போகும்? குழந்தை, "அதற்கும் ஒரு பெட்டி வைக்கலாமே" என்று சொல்லக்கூடும். நல்ல எண்ணந்தான், சில இடங்களில் வைத்தும் இருக்கிறார்கள். ஆனால், அத்திப்பழமும் மற்றக் காட்டுப் பழங்களும் பெட்டிக்குள் காய்க்காதே!

தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். வரிசைகளுக்கிடையே அடுக்கியிருக்கும் மட்டைக் குவியலில் கால் வைக்க விடாதீர்கள். எலியைத் தேடிப் பாம்பும் அங்கே வரும். கூகைப் பெட்டியின் அடியில் கரிய உருண்டைகள் கிடக்கும். எலியின் எலும்பையும் மயிரையும் செரிக்க முடியாமல் கூகை கக்கிய உருண்டைகள் அவை. பெரியவர் ஒருவர் கையுறை அணிந்து குச்சியால் பிரித்துக் காட்டினால், சின்னஞ்சிறு தாடை எலும்புகளைப் பார்க்கலாம். பிறகு எல்லாரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும்.

தோட்டத்துக்குப் போக வாய்ப்பில்லாத பட்டணத்துப் பெற்றோர் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போகலாம். கிளைகளின் மேல் பறவைக்கூடு போல் அமர்ந்திருக்கும் பெரணியைக் காட்டுங்கள். மாலையில் அந்த மரம் இலைகளை மூடிக்கொள்ளும். ஐந்தரை மணிக்கே போய் நின்றால் அதையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.