போடிமெட்டு ஏற்றமும் ஆழ்கடல் இன்ஜினும்



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏலக்காயைப் பற்றிப் பேச ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள், நீ கடலைப் பற்றிப் பேசு" என்றார். போடிக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். கொச்சியில் கிளம்பி மூணாறு, போடிமெட்டு, நம்மூர், மதுரை, இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி வரை போன சாலைக்கு அந்தக் காலத்தில் தேசிய நெடுஞ்சாலை 49 என்று எண். ஒரு நுனியில் அரபிக்கடல், மறு நுனியில் பாக் நீரிணை, நடுவில் நாம். 1986-ல் இயற்பியல் பட்டத்தை வாங்கிக்கொண்டு அந்தச் சாலையில் மேற்கே போனவன் நான். கொச்சி தோப்பும்படியில் படகு இன்ஜின் சர்வீஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் கிரீஸ் கையோடு ஓடிவிட்டது.

2017-ல் அதே சாலையில், எதிர்முனையிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். இராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுக்காரர். பாக் நீரிணையில் இழுவை மடி போடுவதை விட்டு ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குப் புதுப் படகு தரும் திட்டம் அந்த ஜூலையில்தான் தொடங்கியிருந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் என்று கணக்கு. மத்திய, மாநில அரசுகளின் மானியம் 56 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் கைப்பணம் 8 லட்சம். எல்லைத் தகராறு, சிறைபிடிப்பு, படகு பறிமுதல் என்று அலுத்துப்போன மனிதர். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை குதிரைசக்தி போடலாம்ணே?"

"அது கடைசிக் கேள்வி தம்பி" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

இழுவை மடிக்குக் குதிரைசக்தி வேண்டும். கடலடியில் கிடக்கும் வலையை மணிக்கணக்காக இழுக்க வேண்டுமே. சூரைக்குப் போகிறவர் ஆயிரங்கால் தூண்டிலும் செவுள்வலையும் விடுகிறவர். இழுக்கிற வேலையே கிடையாது. தூரம் போக வேண்டும், நாள்கணக்கில் நிற்க வேண்டும், மீன் கெடாமல் திரும்ப வேண்டும். இந்த மாதிரிப் படகில் வேகம் பாதிக்குப் பாதி கூடினாலே சக்தி மூன்றரை மடங்கு கேட்கும். மணிக்கு 8 கடல் மைல் போவதை 10 ஆக்க வேண்டுமானால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குதிரைசக்திக்கு மணிக்கு 200 மில்லி டீசல் என்று வைத்துக்கொண்டால், 100 குதிரைசக்தியில் ஓடும்போது மணிக்கு 20 லிட்டர், 200-ல் ஓடும்போது 40. நம் வாத்தியார் கரும்பலகையில் போட்ட கணக்குத்தான் இது. அன்று நான் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, லாரி இன்ஜினை மாற்றிக் கடலில் இறக்கலாமா என்றார். விலை குறைவு, ஸ்பேர் எங்கும் கிடைக்கும், நியாயமான கேள்விதான். என் தாய்மாமா தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினார். முந்தலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு 17 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும். மெட்டில் டீக்கடை வரும், பூப்பாறை பக்கம் இறக்கம் வரும், இன்ஜின் மூச்சுவிடும். கடலில் இறக்கமே கிடையாது. பத்து நாள் போனால் பத்து நாளும் போடிமெட்டு ஏற்றம்தான். ஆகவே பிளேட்டில் பெரிதாகப் போட்டிருக்கும் உச்ச சக்தியைப் பார்க்கக் கூடாது. இடைவிடாமல் ஓடத் தாங்கும் சக்தி எவ்வளவு என்று தனியாக எழுதியிருப்பார்கள், அதைப் பார்க்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1994-ல் ஒரு முதலாளி, பக்கத்துப் படகைவிட வேகமாகப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கணக்குப்படி வரவேண்டியதைவிடப் பிட்ச் அதிகமான புரொப்பல்லரை மாட்டிக் கொடுத்தேன். சோதனை ஓட்டத்தில் 1,800 சுற்று வர வேண்டிய இன்ஜின் 1,650-க்கு மேல் ஏறவில்லை. புகை கறுப்பாக வந்தது. "புதுசு, ஓடி ஓடிச் சரியாகிவிடும்" என்று சொன்னது இந்த வாய்தான். ஒன்பதாம் நாள் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. எட்டுப் பேர் இரண்டு இரவு மிதந்தார்கள். வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. ஐஸ் கரைந்து மீன் முழுவதும் போயிற்று. அந்த முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இராமேஸ்வரத் தம்பியிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். பெரிய இன்ஜினுக்கு ஒதுக்கிய பணத்தில் டீசலில் தண்ணீர் பிரிக்கும் இரட்டை ஃபில்டர், இன்ஜின் நின்றாலும் ஓடும் பேட்டரி பம்பு, உப்புத்தண்ணீர் இன்ஜினுக்குள் நேராகப் போகாத கூலிங், மீன் அறைக்கு நல்ல இன்சுலேஷன் என்று வரிசை நீண்டது.

சில மாதத்தில் ஒக்கி வந்தது. 2017 நவம்பர் 29, 30. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து ஆட்கள் கொச்சியிலிருந்துதான் ஆழ்கடலுக்குப் போவார்கள். பலர் எனக்கு முகம் தெரிந்தவர்கள். வி.எச்.எஃப். செட் படகுக்குப் படகு சுமார் 20, 25 கடல் மைல்தான் கேட்கும். அதற்கப்பால் இருந்தவர்களுக்குப் புயல் என்று சொல்ல வழியில்லை. துறைமுகத்தில் பெண்கள் நின்ற நிலையை இந்த மேடையில் விவரிக்க மாட்டேன்.

பிறகு பல கருவிகள் வந்தன. 2019-ல் வந்த ஜெமினி, கரையிலிருந்து எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குக் கொண்டுவருகிறது. ஆனால் படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. பழைய ஆபத்து டிரான்ஸ்மிட்டரில் பட்டனை அழுத்துகிறவனுக்கு, கரையில் யாராவது கேட்டார்களா என்றே தெரியாது. 2024-ல் இஸ்ரோ கொண்டுவந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் பதில் திரும்பி வருகிறது. நடுக்கடலில் அந்தப் பதில் எத்தனை குதிரைசக்திக்குச் சமம் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

தம்பியின் படகு கடன், கையெழுத்து, காத்திருப்பு என்று இழுத்து, ஒருவழியாகத் தண்ணீரில் இறங்கியது. சோதனை ஓட்டத்துக்குக் கூப்பிட்டார். முழங்கால் வலியால் போக முடியவில்லை. போனில், "முழு வேகத்தில் சுற்று எவ்வளவு தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

"1,800 தொட்டுருச்சுண்ணே. புகையே இல்ல" என்றார்.