தஞ்சை: காட்சியும் கணக்கும்

தஞ்சைக்கு வரும் வெளியூர்ப் பயணி பெரும்பாலும் செய்வது இதுதான்: பேருந்திலிருந்து இறங்குகிறார், பெரிய கோயிலின் வாயிலில் காலணியைக் கழற்றுகிறார், நந்தியின் முன் ஒரு படம், விமானத்தின் கீழ் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். வழிகாட்டி ஒருவர் அண்ணாந்து கைகாட்டி, "இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது" என்கிறார். பயணி வியக்கிறார். பிறகு அரண்மனைக்கு அரைமணி நேரம், தலையாட்டி பொம்மைக் கடைக்குக் கால்மணி நேரம். மதிய உணவுக்குக் கும்பகோணம் போய்விடுகிறார். ஓராயிரம் ஆண்டுத் தலைநகரை மூன்று மணி நேரத்தில் பார்த்து முடித்தாயிற்று!

நிழல் விழாது என்பது உண்மையன்று. காலையிலோ மாலையிலோ திருச்சுற்றில் சற்று நேரம் நின்றால், அந்த மாபெரும் விமானத்தின் நிழல் தரையில் நீண்டு கிடப்பதை எவரும் தம் கண்ணாலேயே காணலாம். ஆயினும் பொய்யான அந்த வியப்பு ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. அதே சுவரில், கையெட்டும் உயரத்தில் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கும் மெய்யான வியப்போ படிப்பாரின்றிக் கிடக்கிறது. தஞ்சையைப் பார்க்க வருவோர் பலர். படிக்க வருவோர் சிலரே. இந்த ஊரின் குறை அழகில் இல்லை. அதைக் காட்டும் முறையில்தான் இருக்கிறது.

இந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்பதே ஒரு காலத்தில் ஊராருக்கு மறந்துபோயிருந்தது. கரிகாலன் கட்டியது என்றனர் சிலர். காடுவெட்டிச் சோழன் கட்டியது என்றனர் சிலர். தலபுராணம் ஒரு கதை சொல்லிற்று. 1886இல் அரசின் கல்வெட்டு அறிஞராகப் பொறுப்பேற்ற செருமானியர் ஹுல்ட்ஷ் சுவர்களைப் படியெடுத்து வாசித்த பிறகே, இது முதலாம் இராசராசன் எடுப்பித்த கோயில் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. சுவரோ அந்தப் பெயரை எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ஒரு மரபு இடிந்து விழுந்தால்தான் அழிந்தது என்பதில்லை. நின்றுகொண்டே அழிவதும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தச் சுவரில் என்ன இருக்கிறது? போர்ப் புகழ் இருக்கிறது. ஆனால் அதைவிட மிகுதியாக இருப்பது கணக்கு. தாம் கொடுத்தவை, தம் தமக்கை குந்தவையார் கொடுத்தவை, தம் தேவியரும் பிறரும் கொடுத்தவை என ஒன்று விடாமல் கல்லில் வெட்டுமாறு மன்னன் பணித்திருக்கிறான். நாட்டின் பல கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்கள் அங்கே உள்ளன. இன்ன பெண், இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், இன்ன தெருவின் இன்ன சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருப்பவள் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்திலிருந்து ஆண்டுக்கு நூறு கலம் நெல். பங்கு பெற்றவர் இறந்தால் உரியவர் யார், அவருக்குத் தகுதி இல்லையானால் என்ன செய்வது என்ற விதியும் உண்டு. கோயிலை வடித்த தலைமைத் தச்சன் குஞ்சரமல்லனுக்கு மன்னனின் பெயரையே சேர்த்து 'இராசராசப் பெருந்தச்சன்' என்று சிறப்பளிக்கப்பட்டிருக்கிறது. கணக்கர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர், தட்டார் என உழைத்தவர் வரிசை நீள்கிறது.

ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டுமானால் என்ன வேண்டும்? பக்தி மட்டும் போதாது என்று அந்தக் கணக்கர்கள் அறிந்திருந்தார்கள். 96 ஆடுகள் வேண்டும். அவற்றை மேய்க்க ஓர் இடையர் வேண்டும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலின் அளவையால் அளந்து கொடுக்க வேண்டும். கோயில் பணம் ஊர்ச்சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்டது. வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. கடல் கடந்த ஈழத்துச் சிற்றூர்களின் வருவாயும் இக்கோயிலுக்கு எழுதி வைக்கப்பட்டது. பேரரசின் பெருமையும் வெற்றி கொண்ட நாட்டின் சுமையும் ஒரே வரியில் நிற்கின்றன. படிப்பவர் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி, அந்த நெல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுகிறது. நானூறு பங்குக்கு மட்டுமே நாற்பதாயிரம் கலம். கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தை வேலியின் மிக நுண்ணிய பின்னம் வரை அளந்திருக்கிறார்கள். ஊர் நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், மேய்ச்சல் நிலம், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சிய விளைநிலத்துக்கே வரி கண்டிருக்கிறார்கள். அந்தக் கழிவுப் பட்டியலில் உழைக்கும் மக்களின் சேரிகளும், அவர்களுக்கென ஒதுக்கிய தனிச் சுடுகாடும் இடம் பெறுகின்றன. தச்சனுக்குப் பெயர் உண்டு. நாவிதனுக்குப் பெயர் உண்டு. சேற்றில் இறங்கி நாற்று நட்ட பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள் குடியிருந்த சேரி மட்டும், வரி இல்லாத நிலமாகக் கணக்கில் ஏறியிருக்கிறது.

இந்தப் பழங்கணக்கு நெடுங்காலம் தீரவில்லை. நெல்லைக் கலம் கலமாக அளந்த இதே டெல்டாவில், கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த ஊரின் நினைவிடம் எந்தச் சுற்றுலாக் கையேட்டின் முதல் பக்கத்திலும் இராது. ஆயினும், விமானத்தின் உயரத்தை அளக்க விரும்புகிறவர் அந்த இடத்திலும் ஒரு கணம் தலைகுனிந்து நின்றாலன்றி, தஞ்சையை முழுமையாகப் பார்த்தவர் ஆகமாட்டார்.

நெல்லுக்கு முன்னே நிற்பது நீர். தஞ்சை நகரம் காவிரிக் கரையில் இல்லை. வண்டல் வயலும் செம்மண் மேடும் சந்திக்கும் விளிம்பில் இருக்கிறது. வடக்கே வடவாறும் வெண்ணாறும் பாய்ந்து பசுமை விரிக்கும். தெற்கே வானம் பார்த்த மேட்டு நிலம். வெள்ளம் ஏறாத மேட்டில் அரசிருக்கையும், எட்டிப் பார்க்கும் தொலைவில் நெற்களஞ்சியமும் இருக்குமாறு தலைநகருக்கு இடம் வாய்த்திருக்கிறது.

அந்த நீரை ஆளும் சாவி கல்லணை. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த அணை, பாறை அடித்தளம் இல்லாத ஆற்று மணலில் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையை இம்மண்ணின் மக்களிடமிருந்தே கற்றதாக ஒப்புக்கொண்டார். கல்லணைக்குச் செல்லும் பயணி பாலத்தில் நின்று படம் எடுக்கிறார். அவர் காலடியில், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பங்கு பிரிகிறது. பெரிய கோயிலின் சுவரில் எழுதப்பட்ட பங்குகள் அனைத்துக்கும் மூலப் பங்கு அதுவே. மேட்டூர் அணையோடு 1934இல் வந்த கல்லணைக் கால்வாய், ஊராரின் வழக்கில் 'புது ஆறு', பெரிய கோயிலின் அருகிலேயே ஓடி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளின் மேட்டு நிலத்தையும் நெல் விளையச் செய்தது. கோயிலுக்கு வருவோருள் எத்தனை பேர் அந்த ஆற்றைத் திரும்பிப் பார்க்கின்றனர்?

கல்லுக்கும் நீருக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டும் இடம் கங்கைகொண்ட சோழபுரம். தந்தையின் தலைநகரை விட்டுப் புதிய தலைநகர் கண்ட இராசேந்திரன், அங்கே சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டினான். நீராலான வெற்றித்தூண் என்று அதைச் செப்பேடு போற்றுகிறது. மற்ற மன்னர்கள் கல்லில் தூண் நாட்டினர். இவன் தண்ணீரில் நாட்டினான். காலம் புரண்டது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, அதே கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலையும் வாயிற் கோபுரத்தையும் இடித்துக் கல் எடுத்துச் சென்றனர். இதை எவ்வாறு மதிப்பிடுவது? கோயில் சிதைந்தது, வயல் பிழைத்தது. இரண்டையும் காப்பதற்கு வழி தேட அன்றைய ஆட்சி மெனக்கெடவில்லை என்பதே இதில் வேதனை. கலைச்செல்வத்தையும் வாழ்க்கைத் தேவையையும் எதிரெதிரே நிறுத்தினால் இறுதியில் கல் தோற்கும் என்பதற்கு அந்த மதிலற்ற முற்றம் சாட்சி.

தஞ்சை நகருக்குள்ளும் இந்த நீர்க்கணக்கு இருந்தது. நாயக்கர் காலத்துச் செவ்வப்ப நாயக்கன் ஏரியில் மழைநீரைத் தேக்கி, மண்ணுக்கடியில் பதித்த குழாய்கள் வழியே சிவகங்கைக் குளத்துக்கும், அங்கிருந்து ஊர்க்குளங்களுக்கும் கொண்டுவந்தனர். 'ஜலசூத்திரம்' என்று அதற்குப் பெயர். ஏரியின் பெரும்பகுதி வீடுகளாயிற்று. கோட்டையைச் சூழ்ந்த அகழி பல இடங்களில் தூர்ந்தது. சிவகங்கைப் பூங்காவுக்கு வருவோர் குளத்தைக் காண்கின்றனர். குளத்துக்கு நீர் வந்த வழியைக் காட்டுவார் இல்லை.

அரண்மனையிலும் இதே நிலைதான். அங்கே காண்பதற்கு மண்டபங்களும், 1951இல் தொடங்கிய கலைக்கூடத்தின் செப்புத் திருமேனிகளும் உண்டு. படிப்பதற்குச் சரசுவதி மகால் உண்டு. நாயக்கர் காலத்தில் வேரூன்றி, இரண்டாம் சரபோசி மன்னரால் பெருமரமாக வளர்ந்து, 1918இல் பொதுமக்களுக்கு உரியதான நூலகம் அது. தமிழும் வடமொழியும் தெலுங்கும் மராத்தியும் ஒரே கூரையின் கீழ்த் துயிலும் சுவடிக் களஞ்சியம். பெரிய கோயிலின் சோழர் கல்வெட்டுகளோடு, மராத்தியர் தம் குலவரலாற்றை 1803இல் மராத்தி மொழியில் அதே கோயிலின் சுவரில் வெட்டி வைத்ததும் இங்கே நினையத்தக்கது. 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில் நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்களைக் கண்டறிந்தார். ஒரு காலத்தின் வண்ணத்துக்குக் கீழே இன்னொரு காலத்தின் வண்ணம். தஞ்சை ஒருவர் கட்டிய ஊரன்று. ஒருவர்மேல் ஒருவர் எழுதிய ஏடு. மேலே எழுதியவரை அழித்தால்தான் கீழே எழுதியவர் தெரிவார் என்று எண்ணாமல், தொல்லியல் வல்லுநர்கள் மேலடுக்கையும் பெயர்த்தெடுத்துக் காத்தனர். வரலாற்றைக் காக்கும் முறையும் அதுவே.

ஐ.நா.வின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 1987இல் பெரிய கோயிலை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்தன. மூன்றுக்கும் சேர்த்து வழங்கிய பெயர் 'வாழும் சோழர் பெருங்கோயில்கள்' என்ற பொருளுடையது. 'வாழும்' என்ற சொல்லே அதன் உயிர். வாழும் கோயிலுக்குக் கூட்டம் வரும். கூட்டத்தைக் காப்பதும் மரபைக் காப்பதில் சேரும். 1997 சூன் 7 அன்று குடமுழுக்கு விழாவின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரம் அந்தப் பாடத்தைக் கடுமையாகக் கற்பித்தது. அதன்பின் அடுத்த குடமுழுக்கு 2020 பிப்ரவரி 5 அன்று, தமிழும் வடமொழியும் ஒலிக்க நடந்தேறியது.

ஆனால் கோயில் மட்டும் வாழ்ந்தால் போதுமா? விளக்குக்கு நெய், நெய்க்கு ஆடு, ஆட்டுக்கு மேய்ச்சல் என்று கணக்கு எழுதிய முன்னோர், கோயிலைத் தனியே நிறுத்திப் பார்க்கவில்லை. காவிரி நீரின் பங்குக்காக நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020இல் வந்தது. இவை வேளாண்மைச் செய்திகளாக மட்டும் படிக்கப்படுகின்றன. உண்மையில் இவை பெரிய கோயிலைப் பற்றிய செய்திகளும் ஆகும். சுற்றிலும் வயல் காய்ந்துவிட்டால், அந்தச் சுவரின் கல்வெட்டு பொருள் இழந்த கணக்காகிவிடும். விமானம் ஓர் அருங்காட்சிப் பொருளாகிவிடும்.

ஆதலின் தஞ்சையைக் காட்டும் முறை மாற வேண்டும். மூன்று மணி நேரம் மூன்று நாளாக வேண்டும். முதல் நாள் சுவர். இரண்டாம் நாள் சுவடி. மூன்றாம் நாள் கல்லணையும், வாய்க்கால் வரப்பும், நடவு வயலும். வழிகாட்டிகள் நிழல் கதையை விட்டு நெல் கணக்கைச் சொல்லப் பழக வேண்டும். கோயிலுக்கு அழைத்து வரப்படும் பள்ளிப் பிள்ளைகள், சோழர் காலத் தமிழ் எழுத்தில் தம் ஊர்ப் பெயரையேனும் படித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த எழுத்தைக் கற்க ஒரு கோடை விடுமுறையே பெரிது. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் போதும். இலக்கிய வட்டங்கள் செய்யத்தக்க தமிழ்ப்பணி இதனினும் வேறு எது?

தன் ஊரின் பெயரைச் சுவரில் விரலால் தொட்டுப் படித்த குழந்தை, அந்தச் சுவரில் ஆணியால் தன் பெயரைக் கீறமாட்டாது. தன் ஊர் வாய்க்காலின் பெயர் அங்கே இருப்பதைக் கண்ட உழவர் மகன், அந்த வாய்க்கால் தூர்வதைப் பார்த்துக்கொண்டு வாளா இருக்கமாட்டான். காவலாளியும் கம்பிவேலியும் காக்க முடியாததை, படித்தறிந்த உரிமையுணர்வு காக்கும். விமானத்தின் நிழல் விழும் இடமெல்லாம் அந்த உணர்வும் விழட்டும்.