வயது முதிர்ந்தோரும் மருத்துவக் கல்வியும்

(மயிலாப்பூரில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் மேடையேறினால் பழைய நூலொன்றை விரித்துரைப்பான் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று யான் பேச எண்ணி வந்தது நம் கல்வி நிதியின் விதிகளுள் ஒன்றைப் பற்றியாம். உதவி வேண்டுவோர் 25 வயதிற்கு மேற்படாதவராயிருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. சென்ற திங்களில் அதனைக் காட்டி ஒரு விண்ணப்பம் திருப்பியனுப்பப்பட்டது. விண்ணப்பித்தவர் 33 வயதுடைய ஓர் அம்மையார். இரு மக்களுக்குத் தாய். தனியார் மருத்துவமனையொன்றில் செவிலி. பகலும் இரவும் மாறிவரும் பணிக்கிடையே மூன்றாண்டு முயன்று, நீட் தேர்வில் வென்று, வெளியூரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியொன்றில் இடமும் பெற்றுவிட்டார். பதினாறாண்டுகட்கு முன் அவர் என் வகுப்பில் தமிழ் பயின்றவர். ஆதலின் என் சொல்லில் பக்கச் சார்பு சிறிது கலந்திருப்பின் அதனைக் கழித்துவிட்டுக் கேட்குமாறு வேண்டுகின்றேன்.

இவ்வயதில் மருத்துவம் பயிலப் புகுதல் எங்கும் காணாத புதுமையோ எனின், அன்று. நம் நகரிலேயே அதற்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. சேப்பாக்கத்துக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். நம் பாட்டிமார்க்கு அது கோஷா ஆஸ்பத்திரி. யானும் அங்கே பிறந்தவனே. இம்மண்டபத்தில் இன்னும் பலர் அங்ஙனம் பிறந்திருக்கக்கூடும். அதனைத் தோற்றுவித்தவர் யாவர் என்று பிறந்தவருள் கேட்டவர் சிலரே.

அவர் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணியார். 1845-ஆம் ஆண்டு பிறந்து, சட்டம் பயின்ற கணவரோடு 1866-இல் சென்னைக்கு வந்தார். கணவரின் சட்ட இதழ் வேலைக்குத் துணைபுரிந்து, மூன்று மக்களையும் பெற்று வளர்த்து வந்தார். ஆண் மருத்துவர் தம்மைத் தீண்டலாகாது என்னும் கட்டுப்பாட்டினால் இந்நாட்டு உயர்குலப் பெண்டிரும் முகமதியப் பெண்டிரும் பேறுகாலத்திற் படும் பாட்டையும், உதவியின்றி மாள்வதையும் அவர் கேள்வியுற்றார். பிறராயின் இரங்கியிருப்பர், மிஞ்சினால் நிதி திரட்டியிருப்பர். அவரோ மகப்பேற்று மருத்துவமனையிற் புகுந்து முதலில் பேறு பார்க்கக் கற்றார். அஃது ஒன்றே போதாதென்று கண்டு, 1875-இல், ஏறத்தாழத் தம் முப்பதாம் வயதில், சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவியாய் அமர்ந்தார். அக்கல்லூரியில் முதன்முதற் சேர்ந்த பெண்கள் நால்வருள் அவரும் ஒருவர். பேராசிரியர் அனைவரும் மனமுவந்து கற்பித்தாரல்லர். எனினும் 1878-இல் கல்வியை நிறைவு செய்து, இலண்டன் சென்று மேலும் பயின்று 1882-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே இங்குத் திரும்பினார். 1885-இல் நுங்கம்பாக்கத்தில், மூர் தோட்டம் என்னும் இடத்தில், அம்மருத்துவமனை தோன்றிற்று. பின்னர்ச் சேப்பாக்கத்திற்கு மாறியபொழுது கட்டடத்திற்கு வேங்கடகிரி அரசர் ஓரிலட்சம் ரூபாய் ஈந்தார். உடல்நலங் குன்றியமையால் 1887-இல் ஷார்லீப் அம்மையார் தாயகம் திரும்பினாரேனும், 1888-இல், தம் 43-ஆம் வயதில், இலண்டன் பல்கலைக்கழகத்தின் உயர்ந்த மருத்துவப் பட்டமாகிய எம்.டி.யைப் பெற்றார். 1930 வரை வாழ்ந்திருந்தார்.

அம்மருத்துவமனைக்கு முதலில் இட்ட பெயர் 'சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்குமான' மருத்துவமனை என்பதாம். சாதிச் சங்கத்தின் மேடையில் நின்று இதனைச் சொல்லும்பொழுது எனக்குச் சிறிது நாணமாகவே இருக்கின்றது. பெண்களை மருத்துவரிடம் செல்லவொட்டாது தடுத்த கட்டுப்பாடு நம்மனையோரது. அத்தடையைக் கடக்கும் வழி தேடி, மூன்று குழந்தைகளின் தாயொருத்தி முப்பதாம் வயதில் எலும்புக்கூட்டின் முன் நின்று பாடங் கேட்க வேண்டியதாயிற்று. அவர் வயதைக் குறித்து நம் முன்னோர் எவரும் குறைகூறியதாக யான் படித்ததில்லை.

நமக்கு அண்மையில் அடையாறு இருக்கின்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியவர்கள் 1912-லேயே மருத்துவரானவர்; எனினும் 1925-இல், தம் 39-ஆம் வயதில், மீண்டும் மாணவியாய் இலண்டன் சென்றார். அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 1954-இல் தொடங்கியபொழுது அவர்க்கு வயது 67.

இனி நம் விதிக்கு வருவோம். 25 என்னும் எண் எங்கிருந்து வந்ததென்று பழைய நிருவாகிகளை வினவினேன், விடை கிடைக்கவில்லை. அரசினர் பக்கத்திலும் அவ்வெண் சிலகாலம் இருந்தது. மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதுவோர்க்குப் பொதுப்பிரிவில் 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளில் 30 என்று உயர் வரம்பு வகுத்தனர். அது வழக்கு மன்றங்களில் நெடிது வழக்காடப்பெற்று, முடிவில் 2022 மார்ச்சுத் திங்களில் தேசிய மருத்துவ ஆணையத்தால் நீக்கப்பெற்றது. இன்று 17 வயது நிரம்பியவர் எவரும், உரிய பாடங்களைப் பயின்றவராயின், எழுதலாம். நாடு நீக்கிய வரம்பை நாம் மட்டும் காத்து வருகின்றோம்.

மறுப்போர் கூற்றிலும் ஆற்றல் உண்டு, அதனை மறைக்கமாட்டேன். தருமபுரி மாவட்டத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் 61-ஆம் வயதில் நீட் தேர்வெழுதித் தேர்ந்து, 2022 சனவரியில், அரசுப் பள்ளி மாணவர்க்குரிய 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் கலந்தாய்விற்கு வந்தார். இடம் கிடைக்கும் நிலையில் அதனை விட்டுக்கொடுத்தார். மருத்துவம் பயின்ற தம் மகன், இளைஞர் ஒருவர் சேர்ந்தால் பல்லாண்டு பணிபுரிவாரே என்று எடுத்துரைத்தமையே காரணம். யானும் ஆசிரியன், அவர் செய்தது தக்கதென்றே கருதுகின்றேன். ஆயினும் அவர் பிறந்த ஆண்டை எண்ணி விலகினாரல்லர்; பணிபுரியத்தக்க எஞ்சிய ஆண்டுகளையே எண்ணினார். அதே கணக்கை நம் விண்ணப்பத்திலும் போட்டுப் பாருங்கள். மருத்துவப் படிப்பு நாலரை ஆண்டு, உள்ளிருப்புப் பயிற்சி ஓராண்டு, ஆக ஐந்தரை ஆண்டு. 33-இல் புகுபவர் 39-க்குள் வெளிவருவார். தமிழ்நாட்டரசுப் பணியில் ஓய்வு வயது 60. எனவே இருபதாண்டுகளுக்குக் குறையாமல் பணிபுரியலாம். தனியே தொழில் நடத்துவார்க்கு ஓய்வு வயதே இல்லை. நம் நிதியிற் பயின்ற இளைஞருள் கடல்கடந்து சென்று நம் கடிதங்கட்கு விடையும் எழுதாதார் சிலர் உளர். அவர்தம் ஆண்டுகளை எக்கணக்கிற் சேர்ப்பது?

இடர் உண்டா எனின், உண்டு. பதினெட்டு வயதினன் ஒருமுறை படித்து நினைவிற் கொள்வதை இவர் மும்முறை படிக்க நேரலாம். மாணவர் விடுதியில் தம் மகவினும் சில ஆண்டே மூத்தாரோடு உறைதல் வேண்டும். இவற்றையெல்லாம் அவர் அறிவார். அவர் அஞ்சுவது வேறொன்று. இளைஞன் கல்லூரிக்குச் சென்றால் வீட்டிற் செலவு கூடும். இவர் சென்றாலோ வீட்டின் வரவே நின்றுவிடும். பயிற்சி ஆண்டில் வரும் உதவித்தொகைக்கு முன்னர் நாலரை ஆண்டுகள் ஊதியமின்றிக் கழிதல் வேண்டும். கணவரது வருவாய் வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவிற்குமே சரியாகின்றது. அவர் நம்மிடம் கேட்டது ஆண்டிற்கு 40,000 ரூபாய். சென்ற ஆண்டு விழாவில் மேடை அலங்காரத்திற்கும் ஒளிவிளக்கிற்கும் நாம் எவ்வளவு செலவிட்டோம் என்பதைப் பொருளாளரவர்கள் அறிவார்கள்.

கல்விக்கு வயதில்லை என்று காட்ட எல்லாரும் எடுத்தோதும் குறளொன்று உண்டு. அதனை யான் ஓதப்போவதில்லை, சிறாரும் அறிவர். மருந்து என்னும் அதிகாரத்தை மட்டும் வீட்டிற்குச் சென்று ஒருமுறை படித்துப் பாருங்கள். நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் மருத்துவன் கருத வேண்டும் என்று வள்ளுவர் வகுத்தார். மருத்துவனைக் கற்றவன் என்றே குறித்தார். அவன் எந்த வயதிற் கற்றான் என்பதை அவர் கேட்கவில்லை. பதினாறாண்டு செவிலியாய் நோயாளியின் அருகே நின்றவர் அவ்வளவுகளுள் ஒரு பகுதியை முன்னரே அறிந்திருப்பார் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் பணியில் அமர்ந்து பன்னிரண்டாண்டே ஆயிற்று என்று நேற்றே என்னைத் திருத்தினார்.

ஆகவே, கல்வி நிதியின் விதியில் '25 வயதிற்கு மேற்படாதவர்' என்னும் தொடரை நீக்கி, 'தகுதியுடைய கல்லூரியில் இடம்பெற்றவர்' என்று திருத்துமாறும், திருப்பியனுப்பிய விண்ணப்பத்தை மீண்டும் வரவழைத்து ஆராயுமாறும் இப்பேரவையை வேண்டுகின்றேன். அவ்வம்மையார்க்குக் கல்லூரியிற் சேர இன்னும் பதினொரு நாட்களே உள்ளன. இன்று இரவுப் பணியாதலால் அவர் இங்கு வரவில்லை. இத்திருத்தத்தை வழிமொழிய அன்பர் எவரேனும் எழுவாராயின், அவர்க்கு இடம் விட்டு யான் அமர்கின்றேன்.