விருந்தினர் சொன்ன கதை



சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் செல்லும் ரயிலில் ஏறினால் வழியில் பரங்கிமலை வரும். அம்மலைமேல் உள்ள தேவாலயத்தில் ஒரு கற்சிலுவை இருக்கிறது. 1547-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் அதனைக் கண்டெடுத்தனர். சிலுவையைச் சுற்றிப் பொறித்திருந்த எழுத்து இன்னதென்று அங்கிருந்தோர் எவருக்கும் விளங்கவில்லை. கற்றவர் ஒருவரை அழைத்துப் படிக்கச் சொன்னார்கள். அவரோ, தோமையாரின் வரலாறு அதில் எழுதியிருப்பதாக நீண்டதொரு பொருள் கூறினார். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள், அவர்கள் கேட்க விரும்பியதும் அதுவே அன்றோ! அது பாரசீக நாட்டுப் பழைய பஹ்லவி எழுத்து என்றும், அதில் உள்ளவை சில சொற்களே என்றும் பர்னல் என்னும் அறிஞர் 1873-இல் எடுத்துக்காட்டினார்.

மொழி அறியாத இடத்தில் கதை சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் உள்ள இடர் இத்தகையது. இதனை நன்கு உணர்ந்தவர் சீகன்பால்கு. டென்மார்க்கு மன்னர் அனுப்ப, 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய இளைஞர் அவர். துவிபாஷி ஒருவரை அமர்த்திக்கொண்டு, தாம் சொல்வதை அவர் வாயால் சொல்லுவித்திருக்கலாம். அந்நாளில் பிறர் செய்ததும் அதுவே. சீகன்பால்கு அதனோடு நிற்கவில்லை. வயது முதிர்ந்த உபாத்தியாயர் ஒருவரை, அவருடைய பள்ளிக்கூடத்தோடு தம் வீட்டிற்கே வரவழைத்தார். சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் ‘அ’ எழுதினார்கள். அவர்கள் நடுவே அமர்ந்து அவரும் எழுதினார். போர்ச்சுகீசிய மொழி அறிந்த அழகப்பன் என்பவரும் அவருக்குத் தமிழ் கற்பித்தார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். இடையே, கோட்டைத் தலைவரின் சினத்திற்கு ஆளாகி நான்கு மாதம் சிறையில் கிடந்தார். 1711-இல் மொழிபெயர்ப்பு முற்றுப்பெற்றது; 1715-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் முழுமையும் வெளிவந்தது.

அச்சு ஏறிவிட்டால் கதை சேர்ந்துவிட்டது என்று பொருளா? இறைவனைச் சுட்டும் சொல் ஒன்றை மட்டும் பாருங்கள். சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்றார். சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரீசியசு ‘பராபரன்’ என்றார். பின்வந்தோர் ‘தேவன்’ என்றனர். அவர்க்கும் பின்வந்தோர் ‘கடவுள்’ என்றனர். ஒவ்வொரு சொல்லின் பின்னும் நம்மவரின் சமயமும் பாட்டும் நின்றன. வெறும் பாத்திரமாக ஒரு சொல்லும் கிடைப்பதில்லை.

தாம்பரத்தில் எங்கள் இல்லத்தில் சில வாரம் விருந்தினராகத் தங்கியிருந்த மேனாட்டு மாணவர் ஒருவரை இங்கே நினைக்கிறேன். எங்களுடையது சைவக் குடும்பம். என் அன்னையாருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. அவருக்குத் தெரிந்த தமிழோ ஐம்பது சொல் இருக்கலாம். ஒரு நாள் இரவு, உணவுக்குப்பின், தம் நாட்டில் தாம் சிறுவயதில் கேட்ட கதையைச் சொல்வதாகக் கூறினார். தந்தையிடம் பங்கு பிரித்துக்கொண்டு அயலூர் போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனின் கதை அது. ‘அப்பா, பிள்ளை, பணம், இல்லை, பசி’ என்று சொற்களைத் தனித்தனியே வைத்தார். எஞ்சியதைக் கைகளால் சொன்னார். பன்றி மேய்த்த பிள்ளை, அவை தின்னும் தீனிக்கும் ஏங்கினான் என்னும் கட்டத்தில், எங்கோ படித்து வைத்திருந்த ஒரு சொல்லைச் சொன்னார்: ‘தவிடு.’ அன்னையார் ‘ஐயோ’ என்றார்.

மூலநூலில் இருப்பது தவிடு அன்று. நம் ஊர்களில் காணாத ஒரு மரத்தின் நெற்று. பழைய தமிழ் விவிலியத்தில் அதற்குத் தவிடு என்று எழுதிய மொழிபெயர்ப்பாளரை நான் வணங்குகிறேன். மாடு வளர்த்த ஒரு பெண்மணிக்கு அந்த ஒரு சொல்லில் பிள்ளையின் பசி முழுவதும் விளங்கிவிட்டது.

தந்தை ஓடிச்சென்று மகனைத் தழுவிக்கொண்டதும் கதை முடிந்தது. அன்னையார் கேட்டார்: “அம்மா எங்கே தம்பி?” அவருக்கு விளங்கியது. அக்கதையில் தாய் இல்லை. இருந்தால் என்ன செய்திருப்பாள் என்பதை அவர் எண்ணியதில்லை போலும். தம் தாய்மொழியிலும் அவரிடம் விடை இருந்ததாகத் தோன்றவில்லை.

அன்னையார் தம் முறையைத் தொடங்கினார். நான் மொழிபெயர்க்க முற்பட்டபோது கையமர்த்திவிட்டார். கை வளையலைக் கழற்றிக் காலருகே வைத்துக்காட்டி, “சிலம்பு” என்றார். எல்லாப் பொருளையும் தொலைத்து மனைவியிடம் மீண்டு வந்த கோவலனையும், ‘சிலம்பு இருக்கிறது, கொள்க’ என்ற கண்ணகியையும் சொன்னார். மதுரையில் நடந்ததைச் சொன்னபோது அந்த மாணவர் முகம் வாடிற்று. திரும்பி வந்தவனுக்கு விருந்து வைக்கும் கதையை அவர் சொன்னார். திரும்பி வந்தும் பிழைக்காதவன் கதையை இவர் சொன்னார். இரண்டில் எது பெரிது என்ற பேச்சு அங்கே எழவில்லை.

இத்தகைய கொடுக்கல் வாங்கல் எப்போதும் எளிதாக அமைவதில்லை. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கத் துணைநின்றவர், சைவத்திலிருந்து அணுவும் அகலாத ஆறுமுக நாவலர். 1850-இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பைச் சபையார் பலர் ஏற்கவில்லை.

சீகன்பால்கு செய்த மற்றொரு பணியோ இன்னும் நெடுங்காலம் காத்திருந்தது. கதை சொல்ல வந்தவர், நம்மவர் கதைகளையும் கேட்கத் தொடங்கினார், ஓலைச்சுவடிகளைத் திரட்டினார், கடிதம் எழுதிக் கேள்விகள் கேட்டு விடைகளைச் சேர்த்தார். தென்னாட்டுத் தெய்வங்களின் மரபை விளக்கி 1713-இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அந்தச் சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர் அதனை இங்கே பரப்புவதா என்ற எண்ணத்தால் அங்கிருந்த பெரியோர் அதனை அச்சிடாமல் வைத்துவிட்டனர். சென்னையில் ஜெர்மான் என்னும் பாதிரியார் அந்நூலை அச்சிட்டது 1867-ஆம் ஆண்டில். சீகன்பால்கு இறந்து அப்போது 148 ஆண்டுகள் ஆகியிருந்தன.