கண்ணுள் வளரும் காளான்

மழைக்காலத்தில் பழைய தோற்செருப்பின்மீது வெண்மையாகப் படரும் பூஞ்சக் காளானை நீங்கள் அறிவீர்கள். அதன் வித்துகள் காற்றிலும் மண்ணிலும் வைக்கோலிலும் நிறைந்துள்ளன. அக்காளான் கண்ணுக்குள்ளும் வளரக்கூடும். அதனை எவ்வாறு கண்டறிவது என்பதே இன்றைய பேச்சு.

அது நுழையும் வழிகளுள் இரண்டைக் காண்போம். கதிர் அறுக்கையில் நெற்றாள் கருவிழியைக் கீறினால், புண் ஆழ்ந்து உட்புறம் பரவலாம். நெடுநாள் நோயுற்று, நாளத்தில் குழாய் செருகி மருந்தேற்றப் பெற்றவரிடம், காண்டிடா என்னும் காளான் குருதியோடு சென்று கண்ணின் உட்புறத்தில் தங்கலாம்.

பாக்டீரியா கண்ணுள் புகுந்தால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் கடும் வலி தோன்றும். காளானோ மெல்ல வளரும். வலி சிறிதே, பார்வை மங்கும், புள்ளிகள் மிதக்கும். மருத்துவர் உள்ளே நோக்கினால் பஞ்சு போன்ற வெண்திட்டுகள் தெரியலாம். ஆனால் வேறு அழற்சிகளும் ஏறத்தாழ இவ்வாறே தோன்றும். அழற்சி என்றெண்ணி ஸ்டீராய்டு மருந்தை மட்டும் அளித்தால், சிவப்புத் தணியும். உள்ளே காளான் தழைக்கும். இங்கேதான் பார்வை பறிபோகிறது.

ஆதலால், ஐயம் எழுந்தவுடன் கண்ணின் பின்னறையிலுள்ள கூழ்போன்ற நீர்மத்தில் சிறிது எடுத்துச் சோதிக்கின்றனர். சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கையில் காளான் இழைகள் தென்பட்டால் அன்றே விடை கிடைக்கும். சாபுரோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் வழங்கும் ஊட்டக்கூழில் அதனை வளர்த்தும் பார்ப்பர். இதற்கு இரண்டு வாரமும் ஆகலாம். பி.சி.ஆர். என்னும் முறை காளானின் மரபுப்பொருளை விரைவில் காட்டும். ஒரு சோதனையில் தப்பியது மற்றொன்றில் அகப்படலாம்.

இன்ன காளான் என்று அறிவதாற் பயன் என்ன? காண்டிடா வகைகள் பலவற்றை அடக்கும் புளூகோனசோல், அஸ்பெர்ஜில்லஸ் காளானிடம் பயன்படாது. கருவிழிப் புண்ணிலும் இதே நிலைதான். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடைபெற்று 2013-இல் வெளிவந்த ஆய்வில், பியூசேரியம் காளானால் வந்த புண்ணுக்குப் புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசினே சிறந்ததெனத் தெரிந்தது.

உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் கண்ணில் தாளோ தழையோ பட்டால், பச்சிலைச் சாறு பிழிய விடாதீர்கள். கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தையும் இட விடாதீர்கள். கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நடந்ததை மறைக்காமற் சொல்லச் செய்யுங்கள். நோயறிதலின் முதற்படி அந்தச் சொல்லே.